பதினோராவது ஓட்டை

ஜனவரி 8, சனி

இந்த நோட்டில் இந்த வருடம் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, விதைச்சோளக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த காலண்டரின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நம்பாமல் போவதில் எனக்கு வருத்தமும் இல்லை. அறுபத்தாறு வருடமாக என்னை நம்பாமல் இருந்து இந்த நெப்ராஸ்கா மாநிலத்துக்கே நன்றாகப் பழகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு நான் 'டெல்மர் மாமா'. மீதிப் பேருக்கு 'அந்த ஆளா'.

விஷயம் இதுதான். மச்சானின் பிஸ்டல் வந்துவிட்டது.

மச்சான் என்றால் கேலன். என் மனைவி லவோனின் அண்ணன், ஓய்வுபெற்ற நில அளவையாளன். எந்த வேலி எந்த அங்குலத்தில் நிற்க வேண்டும் என்று நாற்பது வருடம் ஊருக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது அவன் தட்டில் பட்டாணிகூட எல்லை தாண்டிப் போய் மசித்த உருளைக்கிழங்கைத் தொடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஐடஹோவில் ஒரு பிஸ்டல் செய்கிறவனிடம் பேர் கொடுத்துவைத்தான். அந்த ஆள் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான் செய்வானாம், ஒவ்வொன்றையும் அரம் பிடித்துத் தன் கையாலேயே இழைப்பானாம். அந்த மூன்று வருடத்தில் எனக்கு ஒரு பேரன் பிறந்து, நடக்கக் கற்று, 'அப்படி இல்ல தாத்தா' என்று என்னைத் திருத்தவும் ஆரம்பித்துவிட்டான்.

என் பிஸ்டலை வாங்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. நாய்த் தீனி வாங்கப் போன கடையில் அலமாரியில் இருந்தது. அந்தப் பதினைந்தில் பத்து நிமிடம் எந்த நாய்த் தீனி நல்லது என்ற விவாதம். அன்று கேலனும் கூட வந்திருந்தான். அவனும் அதே போல் ஒன்று வாங்கினான். ஒரே தொழிற்சாலை, ஒரே பெட்டி, அடுத்தடுத்த எண்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இருபத்தாறு வருடம் அதைச் சுட்டுவிட்டு, 'தேஞ்சுபோச்சு, குறி தவறுது' என்று ஒதுக்கிவிட்டான்.

என்னுடையது தேயவில்லை. ஒருமுறை அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போட்டிக்குப் போனேன். அப்போதும் எட்டுப் புள்ளி எடுத்தது.

ஜனவரி 9, ஞாயிறு

மாதாகோயில் முடிந்து கேலன் வீட்டுக்குப் போனோம். மேசையில் ஃபிளானல் துணி விரித்து, அதன் நடுவில் வைத்திருந்தான். பார்க்க வந்தவர்கள் குரல் தானாகவே தணிந்தது, தொட்டிலைச் சுற்றி நிற்பதுபோல.

நேர்மையாக எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. நல்ல பொருள். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வருகிறது. எங்கும் ஆட்டம் இல்லை, கடகடப்பு இல்லை. என்னுடையதை ஆட்டினால் சில்லறை போட்ட டப்பா போலச் சத்தம் வரும். விசையை இழுத்தேன். கூரையில் தொங்கும் பனிக்குச்சி ஒடிவதுபோல் 'டிக்' என்று விழுந்தது. என் பிஸ்டலின் விசை, சரளைக்கல் மேல் மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு போய், போய், போய், ஒரு இடத்தில் வெடிக்கும். எப்போது வெடிக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மையில் ஒரு அன்னியோன்னியம் உண்டு.

வாயால் இதில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. 'பரவாயில்ல, காகிதம் பறக்காம இருக்க மேல வைக்கலாம்' என்றேன்.

கேலன் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. “மாப்ள, இதோட விலை நாலாயிரம் டாலர். உன்னோடது, நாய்த் தீனியைக் கழிச்சா, அதுல பத்துல ஒண்ணு.”

“அப்ப இது பத்து மடங்கு நல்லா சுடுமா?”

அவன் துணியை மூடினான்.

ஜனவரி 11, செவ்வாய்

பெர்னீஸின் காபிக் கடை, காலை ஆறரை, வட்டமேசை. வழக்கமான ஆட்கள். என் மச்சான் தன் மௌனத்தைக் கலைத்து, தன் பிஸ்டலை வைத்து என்னை எந்த நாளும் வெல்ல முடியும் என்று அறிவித்தான். நான் என் தொழிற்சாலைப் பிஸ்டலின் வீரவரலாற்றை அரை மணி நேரம் எடுத்துரைத்தேன். கூடவே எண்பத்தெட்டாம் வருட ஆலங்கட்டி மழையையும் சொல்லவேண்டி வந்தது. அதில் ஒரு கட்டியை லவோன் குளிர்பெட்டியில் வைத்து, எங்கள் மகள் கல்யாணம் வரைக்கும் அதைச் சீவி எலுமிச்சைச் சாறு செய்தாள்.

அப்போது ஆர்விட் வாயைத் திறந்தார். ஆர்விட்தான் எங்கள் சுடும் சங்கத்தின் நடுவர். பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று சேமித்து வைத்திருக்கிற மனிதர். பந்தயத்தை அவர்தான் வகுத்தார்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, குளிர்காலப் போட்டி. ஆளுக்கு மூன்று குறித்தாள், தாளுக்குப் பத்துச் சூடு. கேலன் தோற்றால், ஒரு வருடம் நான் இந்த மேசையில் எந்தக் கதை சொல்லி முடித்தாலும் எழுந்து நின்று 'நானே பார்த்தேன்' என்று சாட்சி சொல்ல வேண்டும். நான் தோற்றால் —

இதை எழுதக் கை வரவில்லை.

நான் தோற்றால், ஒரு வருடம் இந்த மேசையில் உண்மை மட்டும்தான் பேச வேண்டும். அளவு, எடை, தூரம், மீனின் நீளம், எல்லாம்.

ஜனவரி 12, புதன்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் என்ன செய்வேன்?

ஜனவரி 22, சனி

ஆர்விட்டின் கொட்டகையில் சோதனை. அவரிடம் ஒரு இரும்புத் தாங்கி இருக்கிறது. அதைக் கான்கிரீட்டில் முடுக்கிப் பிஸ்டலை அதில் பூட்டிவிட்டால் மனிதக் கையின் நடுக்கம் இல்லாமல் அதுவே சுடும். எந்தப் பிஸ்டல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க இதைவிடக் கொடூரமான வழி கிடையாது. ஐம்பது கஜத்தில் தாள். ஒரே தொழிற்சாலைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் பத்து.

கேலனின் புதுப் பிஸ்டல்: பத்து ஓட்டைகளும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள்.

என்னுடையது: ஒரு காபித் தட்டு அகலம்.

தட்டின் பக்கம் நின்று நான் நிகழ்த்திய உரையின் சுருக்கம்: தட்டும் தாளின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. ஒரு எலுமிச்சம்பழத்துக்காக ஒரு மனிதன் மூன்று வருடம் காத்திருப்பது தகுமா? என் பிஸ்டல் குறுகிய மனம் கொண்டதல்ல, அவ்வளவுதான்.

ஆர்விட் கையைத் துடைத்துக்கொண்டார். “மெஷின் சுட்டா நீ தோக்கிற டெல்மர். நீங்க ரெண்டு பேரும் கையில பிடிச்சுச் சுட்டா பிஸ்டல்தான் தோக்குது.”

விளையாட்டாக, கேலன் ஒதுக்கிவைத்த பழைய பிஸ்டலையும் பூட்டிப் பார்த்தோம். அதுவும் காபித் தட்டு. என்னுடைய தட்டுக்கு அச்சு அசல். தேய்ந்துபோனதாம். கேலன் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, 'இன்னிக்கு ஒழுங்கா சுடுது' என்றான். பழைய பிஸ்டலுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 29, சனி

இன்று பயிற்சியில் நாலாயிரம் டாலர் நடுவழியில் நின்றது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். எங்கள் சுடுமிடம் பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு, உள்ளே ஒரே ஒரு விறகு அடுப்பு. புதுப் பிஸ்டல் இறுக்கமாக இழைத்தது அல்லவா, மூன்றாவது தோட்டாவை விழுங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐநூறு சூடு பழகினால் சரியாகிவிடும் என்று செய்தவன் கடிதம் எழுதியிருக்கிறானாம்.

என் பிஸ்டல் எதையும் தின்னும். போன வருடம் நாய் முடியோடு சேர்த்து ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டேன். சுட்டுவிட்டு இன்னொன்று கேட்டது.

பிப்ரவரி 5, சனி

கேலனுக்குக் கர்வம் ஏறிவிட்டது. தெரு முனையில் கையாட்டினேன், கண்டுகொள்ளாமல் போனான். பத்தடி தள்ளி, எங்கள் தபால்பெட்டிக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். லவோன் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, பாவம், யோசனையில் இருக்கிறான் என்றாள்.

பிப்ரவரி 15, செவ்வாய்

சாயங்காலம் மாட்டுச் சந்தையில் இருந்து கேலனின் சின்ன லாரியில் திரும்பினேன். ஊர்வலம் போவதுபோல் ஓட்டினான். தெருவிளக்கையெல்லாம் மாநிலக்காரர்கள் மாற்றிவிட்டார்களாம். ஒவ்வொன்றும் பூசணிப்பூ மாதிரி விரிகிறதாம். எனக்கு எல்லாம் பழைய விளக்காகத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 25, வெள்ளி

நாளை. தோட்டாக்களைத் துடைத்து ஐம்பது குழி உள்ள பெட்டியில் நிறைத்துவைத்தேன். லவோன் வந்து, தோற்றுவிட்டால் வீட்டிலும் உண்மைதான் பேச வேண்டுமா என்று கேட்டாள். மேசையில் மட்டும்தான் என்றேன். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 26, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஊரே கிடங்கில் இருந்தது. அடுப்புப் பக்கம் பெண்கள் மாட்டிறைச்சி பீன்ஸ் குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டிச்சுருளையும் வைத்துக்கொண்டு, நாங்கள் சுட்டு முடிப்பதற்காகப் பொறுமை இல்லாமல் காத்திருந்தார்கள். எனக்கும் கேலனுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். எதிரே பக்கத்துப் பக்கத்துத் தாள்.

இரண்டு தாள் முடிந்தபோது நான் ஒரு புள்ளி முன்னால். சத்தியமாக. அவன் பிஸ்டல் அடைத்துக்கொள்ளவில்லை, அவனே திணறினான். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, எதையோ மோப்பம் பிடிப்பதுபோல்.

மூன்றாவது தாள் வேகச் சூடு. ஐந்து, பிறகு மறுபடி ஐந்து. சுட்டோம். ஆர்விட் கையைத் தூக்கினார். நடந்து போய்ப் பார்த்தோம்.

கேலன் தாளில் ஒன்பது ஓட்டை.

என் தாளில் பதினொன்று.

இதற்கு எங்கள் சங்கத்தில் ஒரு பேர் உண்டு: பக்கத்து வீட்டுக்குத் தபால் போடுவது. தன் தாளை விட்டுவிட்டு அடுத்தவன் தாளில் சுடுவது. போட்டவனுக்கு அந்தச் சூட்டுக்குப் பூஜ்யம். புள்ளிகூடப் பெரிதில்லை. யார் தபால் போட்டாலும் இந்த ஊர் அவன் கல்லறைவரை அதைச் சொல்லும். ஹாலிஸ் என்று ஒருவன் எழுபத்தொன்பதாம் வருடம் போட்டான். இன்றைக்கும் அவன் பேரனைத் 'தபால்காரன் பேரன்' என்கிறார்கள்.

என் தாளைப் பார்த்தேன். பத்து ஓட்டைகள் என் வழக்கப்படி — பனியில் கோழி மேய்ந்தது போல. பதினோராவது, சரியாக நட்டநடுவில். சின்னக் குறுக்குக்கோடு போட்டிருக்கிற இடத்தில், கோட்டையே தின்றுவிட்டு. அது எந்தப் பிஸ்டலில் இருந்து வந்தது என்று யாரிடம் கேட்க வேண்டும்? எலுமிச்சம்பழத்தில் இருந்து வந்தது. காபித் தட்டில் இருந்து அல்ல.

கேலன் அருகில் நின்று இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவனுக்கு ஓட்டைகளே தெரியவில்லை. தபால்பெட்டி, பூசணிப்பூ, தேயாத பழைய பிஸ்டல் — எல்லாம் அந்த நிமிடத்தில் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. பிஸ்டலில் கோளாறு என்று மூன்று வருடம் காத்திருந்து இன்னொரு பிஸ்டல் வாங்கியிருக்கிறான், மடையன்.

நாற்பது வருடம் இந்த ஊருக்கு எல்லை போட்டுக் கொடுத்தவன். அவனே எல்லை தாண்டிவிட்டான் என்று ஊர் முன்னால்... முடியாது. என்னால் முடியாது.

“தப்பு என்னோடது” என்றேன். “கடைசித் தடவை அஞ்சுக்குப் பதிலா ஆறு போட்டுட்டேன். அந்த மேகசின்ல ஏழு தோட்டா பிடிக்கும், கை பாட்டுக்கு ஏத்திடுச்சு. பதினொண்ணும் நான் சுட்டது.”

ஆர்விட் என்னை நிதானமாகப் பார்த்தார். “அப்ப கேலனோட பத்தாவது?”

“நடுவுல பாருங்க. ரெண்டு தோட்டா ஒரே ஓட்டைல போயிருக்கு. நாலாயிரம் டாலர் பிஸ்டல் இதைக்கூடச் செய்யலைன்னா எதுக்கு?”

கேலனின் தாளில் நடுப்பகுதி ஒரே கிழிசல். ஒன்று போயிருக்கலாம், இரண்டு போயிருக்கலாம். சந்தேகம் வந்தால் சுட்டவனுக்குச் சாதகம் என்பது விதி. அதிகமாகச் சுட்டவனுக்கு, இருப்பதிலேயே நல்ல ஓட்டையை விலக்கிவிட்டு மீதிப் பத்தை எண்ண வேண்டும் என்பதும் விதி. ஆர்விட் என் நடு ஓட்டையின் மேல் பென்சிலால் கோடு போட்டார்.

நான்கு புள்ளியில் தோற்றேன்.

அறுபத்தாறு வருடத்தில் நான் சொன்ன பொய்களில் எல்லோரும் உடனே நம்பியது இது ஒன்றுதான். தான் தோற்பதற்காக எவனாவது பொய் சொல்வானா? ஆர்விட் என் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார். கேலன் தாளை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். 'இரண்டு தோட்டா, ஒரே ஓட்டை' என்று சொல்லிக்கொண்டே ரொட்டிச்சுருளைக் குழம்பில் தோய்த்துத் தின்றார்கள். துக்கத்தில் நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 27, ஞாயிறு

மாதாகோயில் வாசலில் கேலனின் லாரிச் சாவியை வாங்கி, நானே ஓட்டுகிறேன் என்றேன். பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன்.

“மச்சான், நீ என் தாள்ல சுட்டுட்ட. நேத்து நான் சொன்னது பொய். உனக்குக் கண்ணு தெரியலை.”

அவன் லாரியின் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தான். எதைப் பார்த்தானோ. கோபத்தில் அவன் கழுத்து சிவந்தது. நீ வாய் திறந்தால் பொய் என்றான். நான் சொன்னேன்: நேற்றில் இருந்து நான் உண்மை பேச வேண்டியவன். இது மேசை இல்லைதான். ஆனாலும் இன்றைக்கு இந்த லாரிதான் மேசை என்று வைத்துக்கொள்.

ஒரு கோதுமை லாரி எங்களைத் தாண்டிப் போனது.

“எந்த ஓட்டை?”

“நட்டநடுவுல இருந்தது.”

யோசித்தான். “அப்ப நல்லாத்தான் சுட்டிருக்கேன்.”

மார்ச் 1, செவ்வாய்

முதல் நாள். வட்டமேசை. 'நேற்றுப் பனி பெய்தது' என்றேன். எவ்வளவு என்று கேட்டார்கள். 'கொஞ்சம்' என்றேன். பெர்னீஸ் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 3, வியாழன்

இன்று சொன்னது: முட்டை நன்றாக இருந்தது.

மார்ச் 10, வியாழன்

கேலன் கண் டாக்டரிடம் போய்வந்தான். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாகப் பழுத்துவிட்டது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்த்துக் குறிவைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். 'தூரத்துல கறுப்பா ஒரு மேகம் இருக்கும், அதோட நடுவைச் சுடுவேன்' என்றானாம்.

உண்மை வருடத்தின் முதல் உண்மையால் ஒரு மனிதனுக்குக் கண் கிடைக்கப்போகிறது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24, வியாழன்

மேசையில் எனக்கு முன்னால் இருந்த மூன்று நாற்காலிகள் காலி. என் உண்மையைக் கேட்க ஆள் வருவதில்லை. பெர்னீஸுக்கு வியாபாரமும் குறைகிறதாம்.

ஏப்ரல் 5, செவ்வாய்

கேலன் தொலைபேசியில் கூப்பிட்டான். கண்ணில் வைக்கும் லென்ஸ் இரண்டு வகையாம். ஒன்று தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து எல்லோருக்கும் வைப்பது, காப்பீடு முழுதும் கொடுத்துவிடும். இன்னொன்று அவன் கண்ணையே அளந்து அதற்கென்று பொறுக்கி வைப்பது, கைக்காசு. எதை வாங்கட்டும் என்று என்னிடம் கேட்டான். மூன்று மாதமாக இந்த ஊரில் இந்த ஒரே விஷயத்தைப் பற்றி உரை நிகழ்த்தியவன் நான்தானே.

பிஸ்டல் என்றால் பதில் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இது அவன் கண்.

“தெரியலை மச்சான்” என்றேன். இந்தச் சொல்லை நான் இதற்குமுன் பயன்படுத்தியதாக நினைவில்லை. உச்சரிப்பு சரியாக வந்ததா என்றுகூடத் தெரியாது.

தொழிற்சாலை லென்ஸே போதும் என்று அவனே முடிவு செய்தான். “இன்னொரு மூணு வருஷம் காத்திருக்க என்னால ஆகாது மாப்ள.”

மே 3, செவ்வாய்

வலது கண் முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் லவோனைப் பார்த்து, எப்போது இவ்வளவு வயதானது என்று கேட்டிருக்கிறான். அவள் இன்னும் பேசவில்லை.

மே 31, செவ்வாய்

இடது கண்ணும் முடிந்தது.

ஜூன் 4, சனி

கேலன் சுட வந்தான். முதலில் கையில் எடுத்தது ஒதுக்கிவைத்த பழைய தொழிற்சாலைப் பிஸ்டலை. பத்தும் கறுப்புக்குள். பிறகு புதியதை எடுத்தான். பத்தும் கறுப்புக்குள், ஆனால் இன்னும் நெருக்கமாக, வெட்கமில்லாமல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு. ஐநூறு சூடு தாண்டிவிட்டதால் அடைத்துக்கொள்ளவும் இல்லை.

“கண்ணு சரியா இருந்திருந்தா இதை வாங்கியே இருக்க மாட்ட” என்றேன். “நாலாயிரம் டாலர் போச்சே.”

அவன் பிஸ்டலை ஃபிளானலில் வைத்தான். “விசை நல்லா இருக்கு மாப்ள.”

இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? நல்லதுதான். பத்து மடங்கு இல்லை. ஆனால் நல்லது.

ஜூன் 11, சனி

வெயில்காலப் போட்டிக்காகத் தோட்டாப் பெட்டியைத் திறந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான். ஐம்பது குழி. போட்டிக்கு முப்பது போனது. இருபது இருக்க வேண்டும்.

பத்தொன்பது இருந்தது.

மறுபடி எண்ணினேன். மேசைக்கு அடியில் தேடினேன். நாயின் முகத்தைப் பார்த்தேன். லவோனைக் கேட்டேன், உன் தோட்டாவை எடுத்து நான் என்ன ஊறுகாயா போடப்போகிறேன் என்றாள்.

உட்கார்ந்தேன்.

பிறகு கேலனைக் கூப்பிட்டு, குளிர்பெட்டிக் கதவில் நீ ஒட்டிவைத்திருக்கும் அந்தத் தாளை எடு, உன் அளவைக்காரப் பூதக்கண்ணாடியையும் எடு, நடுக் கிழிசலின் விளிம்பைப் பார் என்றேன். தொலைபேசியில் அவன் நடந்துபோகும் சத்தம், காந்தத்தைக் கழற்றும் சத்தம். அப்புறம் இழுப்பறையைத் திறக்கும் சத்தம்.

“மாப்ள. விளிம்பு ரெண்டு வளைவா இருக்கு. கன்னுக்குட்டிக் குளம்பு மாதிரி. ரெண்டு தோட்டா.”

“நல்லாப் பாரு.”

“எனக்கு இப்பக் கண்ணு தெரியும்.”

ஆக, அவன் தபால் போடவே இல்லை. மேகத்தைச் சுட்டு, இரண்டு தோட்டாவை ஒரே ஓட்டையில் அனுப்பியிருக்கிறான். நான் நிஜமாகவே ஆறு ஏற்றியிருக்கிறேன். நான் சொன்ன பொய் உண்மை. லாரியில் வைத்து நான் சத்தியமாகச் சொன்ன உண்மைதான் பொய். அந்தப் பொய்யைக் கேட்டு டாக்டரிடம் போனவனுக்கு நிஜமாகவே புரை இருந்திருக்கிறது. இதை எந்த வரிசையில் அடுக்கினாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

கேலன்தான் அதைச் சொன்னான். மெதுவாக.

“அப்ப உன் தாள்ல நட்டநடுவுல இருந்தது, உன்னோடது மாப்ள.”

என் வாழ்நாளிலேயே சிறந்த சூடு. இருபத்தாறு வருடமாக அந்தப் பிஸ்டலைப் பற்றி ஊரெல்லாம் முழங்கினேன். அது ஒரே ஒரு தடவை நான் சொன்னபடியே செய்து காட்டியது. அந்த ஓட்டையை நேருக்கு நேர் பார்த்தவன், இது என்னுடையதாக இருக்காது என்று நினைத்தவன், நான்தான். ஊர் இல்லை. நான்.

பிஸ்டலைத் துடைத்து வைத்தேன். அதன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஜூன் 14, செவ்வாய்

கேலனிடம் அனுமதி கேட்டேன். அவன் தபால் போடவில்லை என்பதால் சொல்வதில் அவனுக்கு அவமானம் இல்லை, சொல்லிக்கொள் என்றான். வட்டமேசை. நான் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, மார்ச்சில் ஓடிப்போன மூன்று பேரும் வந்துவிட்டார்கள். எழுந்து நின்று, பெட்டியில் குறைந்த தோட்டா முதல் கன்றுக்குட்டிக் குளம்பு வரை, அணுவளவும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இவ்வளவு மோசமாக நான் எந்தக் கதையையும் சொன்னதில்லை.

ஆர்விட் காபியைக் கீழே வைத்தார்.

“ஆறு சுட்டேன்னு பிப்ரவரியில சொன்ன. இப்பவும் ஆறு சுட்டேங்கிற. அது சரி. ஆனா அந்த ஆறும் உனக்கே தெரியாதுங்கிற, மச்சானுக்காக விட்டுக்கொடுத்தேங்கிற, நட்டநடு ஓட்டை உன்னோடதுங்கிற.” கையை நீட்டினார். “தாள் எங்க?”

“நீங்கதானே அடுப்புல போட்டீங்க.”

“எனக்கு நினைவில்லை. நடுவுல ஓட்டைன்னா அது கேலன் தாளாத்தான் இருக்கும்.”

சாட்சி கேட்டார்கள். எல்லோரும் கேலன் பக்கம் திரும்பினார்கள். என் மச்சான் தன் இரண்டு புதுக் கண்ணாலும் என்னை நிதானமாகப் பார்த்தான். அவன் தட்டில் பட்டாணி இருந்திருந்தால் அதுகூட அசைந்திருக்காது.

“நான் எப்படிப்பா பார்த்திருப்பேன்? அப்ப எனக்குத்தான் கண்ணே தெரியாதே.”

மேசை சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெர்னீஸ் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு கையைத் தூக்கி வாக்கெடுத்தார்கள். மேசையில் பொய் சொல்லிச் சத்தியத்தை மீறியதற்காக, உண்மை மட்டும் பேச இன்னும் ஒரு வருடம். கேலனும் கையைத் தூக்கினான்.

லாரியை அவன்தான் ஓட்டினான். பாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல், 'நல்லா சுட்டிருந்த மாப்ள' என்றான்.

சத்தியத்தில் இருப்பவன் என்பதால் இங்கேயும் கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன். எண்பத்தெட்டு ஆலங்கட்டி மறுநாளே கரைந்துவிட்டது. பிஸ்டலை மறந்துவிட்டுப் போன அன்று எட்டுப் புள்ளி வரவில்லை. தோட்டாவோடு நாய் முடி எதுவும் போகவில்லை. போட்டி நடந்த அன்று நான் தின்ற ரொட்டிச்சுருள் இரண்டல்ல, நான்கு. அந்த நடு ஓட்டை மட்டும் என்னுடையது.